பொங்கற் சோறு யார்க்கு உரியது?

காவிரியின் கடைமடையாய்க் கடலைச் சார்ந்து கிடக்கும் காரைக்கால் நாட்டில், தைத்திங்கள் முதல் நாட் காலையில் வீடுதோறும் முற்றம் மெழுகிக் கோலமிட்டு, புதுப்பானைக்கு மஞ்சட் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி அடுப்பேற்றுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அரசலாறும் நாட்டாறும் நண்டலாறும் வாஞ்சியாறும் கொணர்ந்த நீரான் விளைந்த சம்பா நெல் அறுவடைக்கு வரும் பருவம் அஃது. அந்நெல்லின் முதற் சோறு யார்க்கு உரியது என்னும் வினாவே அவ்விழாவின் உயிர். பானை பொங்குதலும், கரும்பு நிறுத்தலும், பொங்கலோ பொங்கல் என்று ஆர்த்தலும் அவ்வுயிரைத் தாங்கும் உடம்பேயாம்.

அவ்வினாவிற்கு முன்னோர் ஐயமின்றி விடை கண்டிருந்தனர். இக்காலத்திலோ மூவகையார் அவ்விடையை மறைக்க முற்படுகின்றனர். பொங்கல் பேகன் விழா, அஃதாவது மெய்யான கடவுளை அறியாத பண்டை மாந்தர் கதிரவனையும் மாட்டையும் தொழுத அறியாமையின் எச்சம் என்பார் ஒரு சாரார். பொங்கற்கு ஆகம விதியில்லை, அது பாமரர் கொண்டாட்டம், சிவதீக்கை பெற்றார்க்கு அதனாற் பயனில்லை என்பார் மற்றொரு சாரார். இவர் சைவருள்ளேயே உளர். பொங்கல் எச்சமயத்திற்கும் உரியதன்று, அறுவடையின் மகிழ்ச்சியே அதன் பொருள், அதனுட் கடவுளைக் கொணர்தல் வேண்டா என்பார் மூன்றாஞ் சாரார். ஒருவரை ஒருவர் மறுப்பார்போலத் தோன்றும் இம்மூவரும் ஒரு முடிபில் ஒன்றுபடுகின்றனர். பொங்கற் பானையின் முன் சிவபெருமானுக்கு இடமில்லை என்பதே அம்முடிபு. அது பொருந்தாமை ஈண்டு முறையே ஆராயப்படும்.

முதற் கூற்றும் மறுப்பும்

பேகன் என்னுஞ் சொல் இலத்தீன் மொழியிற் பாகானுஸ் என வழங்கியது. நாட்டுப்புறத்தான் என்பதே அதன் பழம்பொருள். நகரத்தார் கிறித்து சமயத்தைத் தழுவியபின், நாட்டுப்புறத்தில் உழுதுண்டு பழைய வழிபாட்டில் நின்றாரை இகழ்தற்கு அச்சொல் பயன்பட்டது. ஆகவே பொங்கலைப் பேகன் விழா என்பார், தாம் அறியாமலே, அஃது உழவர் விழா என்று கூறுபவராகின்றனர். உழவர் விழா எனப்படுதலாற் சைவர்க்கு வரும் இழுக்கு யாதுமில்லை.

இனி, அச்சொல்லை வசையாக எறிந்தாரின் வரலாறும் நோக்கத்தக்கது. 1703-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்னும் திருச்சபைத் தூதர், கிறித்தவராகிய தமிழர் கைவிடாதிருந்த நாட்டு வழக்கங்கள் பலவற்றைத் தடுத்து ஆணையிட்டார்; நெற்றியில் நீறணிதலும் அத்தடையுள் அடங்கியது. 1739-ஆம் ஆண்டு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. இடையிடையே ஆங்கிலேயர் கவர்ந்த காலங்கள் நீங்க, 1954-ஆம் ஆண்டு வரை அவர் ஆட்சியே அங்கு நிலவியது. இரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட அவ்வயலாட்சியிலும் காரைக்கால் வீடுகளிற் பொங்கற் பானை இறக்கப்படவில்லை. இன்றோ தமிழ்நாட்டுக் கிறித்தவ தேவாலயங்கள் பலவற்றின் முற்றத்திலேயே பொங்கலிட்டு விழாக் கொண்டாடுகின்றனர். வசை கூறிய மரபினரே அவ்வசையைக் கைவிட்டு அடுப்பு மூட்டுங் காலத்தில், அவர் எறிந்த சொல்லைச் சைவர் சிலர் பொறுக்கியெடுத்துத் தம் வீட்டு விழாவின்மேற் சூட்டுதல் நகைப்பிற்கு இடமாவதாம்.

புது விளைவின் முதற்கூற்றைக் கடவுட்குப் படைத்தல் பேகன் வழக்கமாயின், யூதரும் கிறித்தவரும் அவ்வழக்கத்தினின்றும் தப்பியவரல்லர். லேவியராகமம் 23-ஆம் அதிகாரம், அறுவடையின் முதற் கதிர்க்கட்டைக் குருவினிடங் கொணர்ந்து இறைவன்முன் காட்டுமாறு விதிக்கின்றது. அக்கதிர்க்கட்டு படைக்கப்படுமுன் புதுத்தானியத்தை உண்ணலாகாது என்றும் அது கட்டளையிடுகின்றது. இங்கிலாந்து நாட்டார் ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளிற் புதுக்கோதுமையாற் சுட்ட அப்பத்தைத் தேவாலயத்திற் படைத்து லாமஸ் என்னும் விழாக் கொண்டாடினர். அப்பெயர்க்கு அப்பப் பூசை என்பதே பொருள். அவை மெய்வழிபாடும் பொங்கல் பொய்வழிபாடும் ஆதற்குக் காரணம் யாது? கோதுமைக்கும் நெல்லுக்கும் உள்ள வேறுபாடு அத்துணைப் பெரிதன்று.

அற்றேல், பொங்கலிற் கதிரவனன்றோ தொழப்படுகின்றான்? படைத்தவனை விட்டுப் படைப்பினைத் தொழுதல் பிழையன்றோ? எனின், அற்றன்று. கதிரவன் சடப்பொருள் என்பது சைவசித்தாந்தத்திற்கும் உடன்பாடே. சடம் தன்னையும் அறியாது, தன்னைத் தொழுவாரையும் அறியாது. ஆயினும் நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டினையும் தன் வடிவாகக் கொண்டு அவற்றுள் நின்று இயக்குவான் சிவபெருமான் என்பது சைவநூற் றுணிபு. அட்டமூர்த்தி என்னும் திருநாமம் அதுபற்றி எழுந்தது. காரைக்காலிற் பிறந்தார் அதனை அயலிடத்துச் சென்று கற்க வேண்டுவதில்லை. அவ்வூரிற் றோன்றிய அம்மையாரே தம் அற்புதத் திருவந்தாதியுள், இருசுடர் முதலிய எட்டுருவமும் இறைவனே ஆதலையும், அவன் அவற்றின் வேறாய் அறிவே உருவாய் நிற்றலையும் ஒருங்கே அருளிச்செய்தனர். வடிவைத் தொழுவார் வடிவுடையானைத் தொழுகின்றனர். அரசன் திருவடியில் மலரிடுவான் காலுக்கு மலரிட்டான் என்று கூறுவார் உளரோ? ஞாயிற்றை நோக்கிக் குவிந்த கையும் அத்தன்மைத்தே.

இரண்டாங் கூற்றும் மறுப்பும்

இனிச் சைவருள்ளே பொங்கலைப் புறக்கணிப்பார் கூற்றினை ஆராய்வாம் என்று புகின், அவர் காட்டும் சான்று சிறிது வலியுடையதுபோலத் தோன்றும். திருஞானசம்பந்தர் மயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் ஆண்டின் விழாக்கள் நிரல்படக் கூறப்பட்டன. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் ஆகியன அதன்கண் உள. தைத்திங்களுக்குப் பூசம் கூறப்பட்டதேயன்றிப் பொங்கல் கூறப்படவில்லை. ஆதலின் பொங்கல் சைவ விழாவன்று என்பர்.

அப்பதிகம் கூறியது கபாலீச்சரத்துத் திருக்கோயில் விழாக்களை. பொங்கலோ மனையகத்து விழா. கோயில் விழா நிரலுள் மனைவிழா காணப்படாமை அதனை விலக்கியதாகாது. நாடோறும் மனையிற் செய்யும் ஆன்மார்த்த பூசையும் அந்நிரலுள் இல்லை. அதுபற்றி அதனையும் கைவிடுவாரோ? மேலும் அப்பதிகத்துத் தைப்பூசத்தைக் கூறுமிடத்தே, நெய்யளாவிய சோற்றினை மகளிர் கொண்டாடுதல் சொல்லப்படுகின்றது. தைத்திங்களையும், சோற்றையும், அதனைச் சமைத்த மகளிரையும், சிவபெருமான் திருவிழாவையும் ஒரு பாட்டினுள் ஆளுடைய பிள்ளையார் இணைத்திருப்பவும், தைத்திங்கட் சோற்றுக்கும் சைவத்திற்கும் இயைபில்லை என்பது அப்பாட்டினை முற்ற நோக்காதார் கூற்றேயாம். யாழ்ப்பாணத்துச் சைவர் தைப்பூச நாளிற் புதிர் எடுத்து, புதுநெல்லின் சோற்றை இறைவன்முன் வைத்தபின்னரே தாம் உண்ணும் மரபு இவ்விணைப்பிற்குச் சான்றாய் நிற்கின்றது.

ஆகமவழிப் பூசை ஞாயிற்று வழிபாட்டினை அறியாததும் அன்று. சோமசம்பு பத்ததி முதலிய நூல்களின்படி நித்திய பூசை செய்வார், சிவசூரிய பூசையை முடித்த பின்னரே சிவபூசையிற் புகுகின்றனர். ஞாயிற்று மண்டிலத்தின் நடுவே சிவபெருமானைப் பாவித்து வழிபடுதலே அப்பூசையின் கருத்து. நாடோறும் மந்திரத்தாற் செய்வதனை ஆண்டிற்கு ஒருநாள் உழவன் சோற்றாற் செய்கின்றான். மந்திரம் அறிந்தார் அறியாதாரை இகழ்தற்கு இஃது இடமன்று. யார் எவ்வடிவினை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் தருபவன் சிவபெருமான் ஒருவனே என்று அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் நிறுவினார். பிற தெய்வ வழிபாட்டையும் ஏற்பான் என்னப்பட்ட இறைவன், தன் எண்வடிவுள் ஒன்றினைத் தொழும் தன் அடியாரது பொங்கலை ஏலான் என்பது எவ்வாறு பொருந்தும்?

காரைக்கால் நாட்டிற்கே சிறப்பாக உரிய சான்று பிறிதொன்று உண்டு. திருநள்ளாறும், திருத்தருமபுரமும், திருவேட்டக்குடியும், திருத்தெளிச்சேரியும் அந்நாட்டுப் பாடல்பெற்ற தலங்களாம். அவற்றுள் திருத்தெளிச்சேரி என்பது காரைக்கால் நகரையடுத்துக் கோயிற்பத்து என இன்று வழங்கும் இடம். சம்பந்தர் அருளிய அதன் பதிகம் இரண்டாந் திருமுறையில் உளது. மழை பொய்த்து உழவு நின்று மக்கள் வருந்திய காலத்து, இறைவன் தானே ஓர் உழவனாய் வந்து வயலில் விதை தெளித்தமையால் அவ்வூர் தெளிச்சேரி எனப்பட்டது என்பது தலவரலாறு. அது குறித்து அக்கோயிலில் விதைத்தெளி உற்சவம் நடைபெறுகின்றது. விதைத்தவன் அவன் என்று கோயிலில் விழாக் கொண்டாடியவர், அவ்விதையின் விளைவை அவனுக்குப் படைத்தலை வீட்டிற் கைவிடுவராயின், விதைப்பினை ஏற்று அறுவடையை மறைத்தவராவர். வரவினை எழுதி இருப்பினை எழுதாத கணக்கு அது.

மனையகத்து அடுக்களை சிவவழிபாட்டிற்குத் தாழ்ந்த இடம் என்பாரும் காரைக்காலின் வரலாற்றை மறந்தாரே. புனிதவதியார் பெருமை வெளிப்பட்ட இடம் கோயிலன்று, அடுக்களை. கணவனாகிய பரமதத்தன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றை, கறியமுது ஆகுமுன் சோற்றொடு சிவனடியார்க்கு இட்டனர். கணவன் உண்ணுமுன், தாம் உண்ணுமுன், முதற்கூறு அடியார்க்கு ஆயிற்று. அவ்வொரு செயலினின்றே அவர்தம் வரலாறு முழுதும் விரிந்தது. ஆனித்திங்கள் முழுமதி நாளில் மாங்கனித் திருவிழாவிற் கனி இறைத்து அதனைக் கொண்டாடும் ஊரினர்க்கு, புதுச்சோற்றின் முதற்கூறு யார்க்கு உரியது என்பதனைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

மூன்றாங் கூற்றும் மறுப்பும்

மூன்றாஞ் சாரார் கூற்றே இக்காலத்து மிகப் பரவியது. கேடும் மிக உடையது. முன்னை இருவரும் விழாவினைப் பழித்தனர். இவரோ விழாவினைப் புகழ்ந்து அதன் உயிரைக் கவர்கின்றனர். பொங்கல் எச்சமயத்தது என்று பிள்ளைகள் வினவுங்கால், எதற்கும் உரியதன்று, அது பண்பாடு என்று பெற்றோர் விடையிறுத்தல் சைவ வீடுகளிலும் கேட்கப்படுகின்றது. தை முதல் நாளையே தமிழ்ப் புத்தாண்டாக்கித் தமிழ்நாட்டரசு 2008-ஆம் ஆண்டிற் சட்டமியற்றியதும், 2011-ஆம் ஆண்டில் அதனை நீக்கியதும் பலர் அறிந்தன. ஆண்டுத் தொடக்கம் எந்நாள் என்பது பற்றி அரசு சட்டமியற்றலாம், மாற்றலாம். முதற் சோற்றினைப் பெறுவோன் யாவன் என்பது அச்சட்டங்களுள் அடங்காத பொருள்.

இவர் கூறும் காரணம் யாது? நன்றியறிதலே பொங்கலின் கருத்து. நன்றியறிதல் மக்கட்கெல்லாம் பொது. பொதுவாயதற்குச் சமயம் வேண்டா என்பர். நன்றியறிதல் பொது என்பது உண்மை. ஆயினும் நன்றி செய்தான் ஒருவன் இன்றி நன்றியறிதல் நிகழாது. செய்ந்நன்றி என்னும் தொடரிலேயே செய்தான் ஒருவன் அடங்கியுள்ளான். கடன் கொடாதவனுக்குக் கடன் தீர்த்தல் எங்ஙனம் இயலும்? இயற்கைக்கு நன்றி கூறுகின்றேம் எனின், இயற்கை அறிவுடையதோ அறிவில்லதோ? அறிவில்லதாயின் அந்நன்றியை ஏற்பார் இல்லை. பொங்கல் வெற்றுரையாய் முடியும். அறிவுடையதாயின், அவ்வறிவுடைப் பொருளையே சைவர் சிவம் என்கின்றனர். பேகன் விழா என்பார்க்குக் கூறிய விடையே இவர்க்கும் விடையாதல் காண்க. முன்னவர் சடத்தைத் தொழுகின்றீர் என்று பழித்தனர். இவர் சடத்தைத் தொழுதல் போதும் என்று அமைகின்றனர். சடத்தினுள் நின்று அதனை நடத்துவானை இருவரும் காண்கிலர்.

நெல்லை விளைத்தவன் உழவன், நீரைத் தந்தது அணை, இதனிற் கடவுள் செய்தது என்னை? என்று வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை அடுப்பேறிய பானையிலேயே உள்ளது. மட்பானைக்கு மண் முதற்காரணம்; தண்டும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். மண்ணும் சக்கரமும் அருகிருந்தும் குயவன் இன்றேற் பானை தோன்றாது. இது சித்தாந்த நூல்கள் பயில எடுத்தாளும் உவமை. நெல்லுக்கு வித்தும் நிலமும் முதல்; நீரும் வெயிலும் ஏரும் துணை. உழவன் அவற்றைக் கூட்டுகின்றான். ஆயினும் வித்தினுள் முளையை அவன் வைத்தானல்லன். நட்டபின் உறங்கச் செல்கின்றான்; அவன் உறங்கும்போதும் பயிர் வளர்கின்றது. உழவன் தொழில் எவ்விடத்து நின்றதோ அவ்விடத்தினின்றும் வேறொருவன் தொழில் தொடர்கின்றது. அதனை எல்லாரினும் நன்கறிந்தவன் உழவனே. அதனாலேயே அவன் முதற் கதிரைக் கையிலேந்தி வானை நோக்குகின்றான். சோற்றினைக் கடையில் வாங்கி உண்பானே, விலை கொடுத்தேன், யார்க்கும் கடனில்லேன் என்று எண்ணுகின்றான்.

கடைமடைக்காரர் அங்ஙனம் எண்ணுதற்கு இடமே இல்லை. குடகில் மழை பெய்து, கன்னட நாட்டு அணைகளைக் கடந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையிற் பிரிந்து, எண்ணிறந்த வாய்க்கால்களில் பிறர் வயலை நனைத்தபின் எஞ்சிய நீரே காரைக்கால் வயலை அடைகின்றது. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பிற் புதுச்சேரி அரசிற்கு ஆண்டொன்றுக்கு 7 டி.எம்.சி., அஃதாவது 700 கோடி கன அடி நீர் வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் அவ்வளவினை மாற்றாது நிறுத்தியது. அந்நீர் பாய்தற்குரிய நிலம் காரைக்கால் நாட்டதே. தீர்ப்பு அளவினை வகுக்கும், மழையைப் பெய்விக்குமோ? வானம் வறந்த ஆண்டில் அவ்வெழுத்து நாற்றங்காலை நனைத்ததில்லை. பிறர் பலர் கையைக் கடந்து வந்த நீரை உண்டு விளைந்த நெல், தன் முயற்சியொன்றனால் விளைந்தது என்று கடைமடைக்காரன் கூறானாக.

பொங்கலைச் சிவவழிபாடாகக் கொள்ளின் அயற் சமயத்தார் அதனிற் கலத்தல் இயலாதே, ஊரொற்றுமை கெடுமே எனின், கெடாது. காரைக்காலில் இசுலாமியரும் கிறித்தவரும் சைவரொடு அண்டை மனைகளில் வாழ்கின்றனர். அவரவர் தத்தம் கடவுளை நினைந்து நன்றி செலுத்துவாராயின் சைவர் அதற்கு முனிவதில்லை. அன்பினால் அண்டை வீட்டிற்கு அனுப்பும் பொங்கற் சோறு, அவ்வீட்டார் சமயத்தை வினவிச் செல்வதில்லை. அயலாரொடு ஒத்து வாழ்தற்குத் தன் வீட்டுப் பூசையை மறத்தல் வேண்டும் என்பது எச்சமயத்தாரும் கேளாத விலை. கேளாத விலையைக் கொடுக்க முந்துதல் அறிவுடைமையன்று.

கடல் புகுந்த ஆண்டு

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் வினவக்கூடும்: நெல்லைத் தந்தவன் இறைவன் எனின், 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் காரைக்காற் கரையிற் புகுந்து உயிர்களைக் கவர்ந்த கடலை ஏவியவன் யாவன்? அடுத்த தை முதல் நாளுக்கு இடையே மூன்று கிழமையும் நிரம்பவில்லை. பிள்ளையை இழந்த வீட்டில் எந்நன்றியைக் கூறிப் பானை ஏற்றுவது?

இவ்வினா எளிதாக ஒதுக்கற்பாலதன்று. துயருற்றார்முன் வினைப்பயன் என்று கூறி அகலுதல் சைவமன்று. அது நூலைக் கற்று அன்பைக் கல்லாதார் செயல். இறைவன் செயலெல்லாம் அருளே என்பதும், அவ்வருள் அறக்கருணை மறக்கருணை என இருவகைப்படும் என்பதும் சித்தாந்தம். ஆயினும் அவற்றை ஒருவன் தன் துன்பத்தில் தனக்குச் சொல்லிக் கொள்ளலாமேயன்றிப் பிறன் துன்பத்தில் அவனுக்குச் சொல்லுதல் கொடுமையாம். பொங்கல் நலம் பெற்றதற்குக் கொடுக்கும் கூலியுமன்று, நலம் வேண்டிக் கொடுக்கும் கையுறையுமன்று. அது முதற்கூறு தன்னுடையதன்று என்னும் அறிவு. அவ்வறிவுடையார் துயர்மிக்க ஆண்டில் தம் வீட்டிற் பொங்காது விடினும், பானையிலிடுதற்கு வைத்த அரிசியை இழந்தார் இல்லத்திற்குக் கொண்டு செல்வர். அங்ஙனம் சென்ற அரிசியும் சிவபெருமானுக்குப் படைத்ததேயாம். நன்றி இயற்கைக்கு எனக் கொண்டார்க்கோ, அவ்வியற்கையே கடலாய்ப் புகுந்த ஆண்டிற் பானைக்குப் பொருள் இல்லையாகும்.

சைவர் தம்மையே நோக்கற்பாலது

பிறர் கூற்றினை மறுத்து அமைதல் போதாது. சைவர் இல்லங்களிற் பொங்கல் பிறர் பழித்தற்கு ஏற்றதாகத் தேய்ந்தமைக்குச் சைவரே பெரிதும் காரணர். நெற்றியில் நீறின்றி, திருமுறை ஓதுதலின்றி, தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபடியே பானை பொங்கிற்றா என்று வினவுவார் வீட்டில், இது சிவவழிபாடு என்று கூறினால் யார் நம்புவர்? எரிவாயு அடுப்பாதலும், மட்பானை பித்தளைப் பானையாதலும், முற்றமின்றி மாடியிற் பொங்குதலும் குற்றமல்ல. படைத்தலின்றி உண்டலே குற்றம்.

அதனினும் பெருங்குற்றம் ஒன்றுண்டு. சிவபெருமானுக்குப் படைக்கும் நெல் எவ்வாறு வந்தது என்று நோக்காமையே அது. அரிவாட்டாயர் செல்வம் இழந்தபின் கூலிக்கு நெல்லரிந்தார். கூலியாகப் பெற்றவற்றுட் செந்நெல்லை இறைவற்கு ஆக்கி, கார்நெல்லைத் தமக்கு ஆக்கினார். செந்நெல்லே கூலியாய்க் கிடைத்த காலத்து அனைத்தையும் இறைவற்கே கொடுத்துக் கீரை உண்டார். அறுபத்துமூவருள் ஒருவராய்க் கோயில்தோறும் தொழப்படும் அவர் கையிலிருந்த அரிவாள் கூலியாளின் அரிவாளே. அவ்வரிவாளை ஏந்தியாரைக் களத்தின் ஓரத்தில் நிறுத்திக் கூலியைக் குறைத்து, மிகுந்த நெல்லால் நெய்ப்பொங்கலிட்டு, சிவார்ப்பணம் என்று கூறுவார், அவ்வர்ப்பணத்தை ஏற்பான் யாவன் என்று எண்ணிப் பார்ப்பாராக. பிறர்க்குரியதைப் படைத்தல் படைத்தலாகாது. இளையான்குடி மாறனார் அடியார் ஒருவரை உண்பித்தற்கு மழைபெய்யும் நள்ளிரவிற் பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்தார். அவர் வாரியது தம் வயலின் வித்து. தம்முடையதனைக் கொடுத்தமையாலன்றோ அது தொண்டாயிற்று?

ஆதலின் சைவ இல்லத்தார் இவ்விழாவைச் செய்யும் முறை அரிதன்று. விளைநிலமுடையார் தை பிறக்குமுன்னரே உழைத்தார் கூலியை நிரம்பக் கொடுத்தல் வேண்டும். நிலமில்லார், அரிசி வாங்கும்போதே முதலில் ஒரு படியை இறைவற்கும் அடியார்க்கும் என வேறு வைத்தல் வேண்டும். விடியலில் நீராடி நீறணிந்து, பிள்ளையாரை மஞ்சளாற் பிடித்துவைத்து வணங்கி, எழுகின்ற ஞாயிற்றினுள் அம்மையப்பரை நினைந்து, ஐந்தெழுத்தினைக் கணித்து அடுப்பு மூட்டுக. பானை பொங்குங்கால் பிள்ளைகள் ஆர்த்து மகிழ்க, அம்மகிழ்ச்சியும் வழிபாடே. பின் தத்தம் ஊர்த் திருப்பதிகத்தை ஓதுக. காரைக்காலார்க்குத் தெளிச்சேரிப் பதிகமும், அம்மையார் அருளிய திருவந்தாதியும் உள. படைத்த சோற்றின் முதற்கூறு வாயிலில் வந்தார்க்கும், வயலில் உழைத்தார்க்கும், அண்டை மனையார்க்கும் செல்க. எஞ்சியதனை வீட்டார் உண்க. மறுநாள் மாட்டிற்குப் பொங்கலிடுங்கால், அறவிடையின் இனம் என்று அதனைப் பிள்ளைகட்கு அறிவுறுத்துக. பொங்கல் எச்சமயத்தது என்று அப்பிள்ளைகள் பின்னர் வினவார், கண்டறிந்திருப்பர்.

பேகன் என்று பழித்தாரும், பாமரர் விழா என்று இகழ்ந்தாரும், சமயமற்றது என்று புகழ்ந்தாரும் கூறிய மூன்றும் ஒரு வினாவின்முன் நில்லாமை மேலே காட்டப்பட்டது. விதை தெளித்தவன் யாவனோ அவனுக்கே முதற் சோறு உரியது. அதனைத் தெளிச்சேரிப் பெருமான் வயலிலும், காரைக்காலம்மையார் அடுக்களையிலும் விளங்கவைத்தனர். அவ்வயலுக்கும் அவ்வடுக்களைக்கும் உரியார் பிறர் சொற்கேட்டு மயங்காது, வருந் தை முதல் நாளில் முதற் கரண்டியைத் தம் இலையில் இடுமுன் அது யாருடையது என்று ஒருகால் நினைவாராக. அந்நினைவு உள்ள வீட்டிற் பொங்குவது சிவபூசை. அஃதில்லாத வீட்டில் உண்பது சோறு.

திருச்சிற்றம்பலம்